வெள்ளெழுத்து நாற்பதில் தொடங்குவதில்லை

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில், வெள்ளித் தாளில், மை கூடப் படாமல் வெறுமனே அழுத்திப் பொறித்த காலாவதித் தேதி ஒன்று இருக்கும். 43 வயதில் ஒரு ராத்திரி அதைப் படிக்கப் பார்த்தேன். கையை நீட்டினேன், விளக்கடிக்குப் போனேன், கடைசியில் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். என் பத்து வயது மகள் அட்டையைப் பிடுங்கி, மூக்குக்குக் கிட்டே வைத்து ஒரே மூச்சில் படித்துவிட்டு, "கண்ணு தெரியலையாப்பா?" என்றாள். "ரொம்பப் பொடிசா அடிச்சிருக்கான்மா" என்றேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம், ஹோட்டல் மெனு முதல் மின்கட்டண ரசீது வரை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இந்தக் குறைக்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, கூர்மையாகக் கவனித்திருக்கிறார். குவியம் தப்பிய கண்ணுக்கு எழுத்து வெறுமனே மங்குவதில்லை, வெளுத்துப் போகிறது. கறுப்புக் கோடு பக்கத்துத் தாள் மேல் கசிகிறது, தாளின் வெள்ளை கோட்டுக்குள் கசிகிறது, இரண்டும் சேர்ந்து சாம்பலாகின்றன. தலைப்பு எழுத்தில் நடுக்கறுப்பு கொஞ்சம் மிஞ்சும். பொடி எழுத்தில் அதுவும் மிஞ்சாது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒளியைக் குவிக்கும் வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைக் கண்ணின் முன்புறக் கண்ணாடியான கார்னியாவே செய்துவிடுகிறது. ஆனால் அது வடிவம் மாறாது. தூரத்துப் பேருந்துப் பலகையிலிருந்து கையிலுள்ள டிக்கெட்டுக்குப் பார்வையை மாற்றும்போது வளைவை மாற்றிக்கொள்வது உள்ளே இருக்கும் லென்ஸ். அதைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. வளையத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே நூல் நூலாக நுண்ணிழைகள். தசை சுருங்கினால் நூல் இறுகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர் எதிர். தசை ஓய்வாக இருக்கும்போது வளையம் அகன்று, நூல்கள் இறுகி, லென்ஸ் தட்டையாக இழுபட்டுக் கிடக்கிறது, தூரத்தில் இருப்பது தெரிகிறது. தசை சுருங்கும்போது வளையம் சிறுத்து, நூல்கள் தொய்கின்றன. இழுப்பு விட்டதும் லென்ஸ் தன் மென்மையால் தானே உப்பிக்கொள்கிறது, கிட்டே இருப்பது தெரிகிறது. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855இல் சொன்ன இந்த விளக்கம் பெரும்பாலும் இன்றும் நிற்கிறது.

ஆக, கிட்டே பார்ப்பதற்குத் தசை பலம் மட்டும் போதாது, விட்டவுடன் உப்பும் மென்மை லென்ஸுக்கு வேண்டும். இளநுங்கையும் முற்றிய நுங்கையும் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. படங்களில் பார்த்தால் வயதானவர்களின் கண்ணிலும் அந்த வளையத் தசை நன்றாகவே சுருங்குகிறது. லென்ஸ்தான் அசைந்து கொடுப்பதில்லை. கண்ணை உருட்டினால், கட்டைவிரலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் வெள்ளெழுத்து போய்விடும் என்று வரும் வீடியோக்கள் இதனால்தான் வீண். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு எண்ணெய் போடுகிறார்கள், இறுகியது வேறு பாகம்.

லென்ஸ் ஏன் இறுகுகிறது? உடம்பில் இதைப் போன்ற உறுப்பு வேறு கிடையாது. ஒளி தடையில்லாமல் ஊடுருவ வேண்டும் என்பதால் இதற்கு ரத்தக்குழாய் இல்லை. உள்ளே இருக்கும் செல்கள் தங்கள் உட்கருவையே இழந்துவிட்டவை, அதனால் புதிதாகப் புரதம் செய்யவும் முடியாது. தோல் உதிர்ந்து புதிதாகிறது, ரத்தச் செல்கள் மாறுகின்றன, லென்ஸ் மட்டும் எதையும் வெளியே போடுவதில்லை. வெங்காயம் போல வெளிப்புறத்தில் புதுப்புது அடுக்குகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. நடுவில் இருப்பது நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது உண்டான புரதம். டென்மார்க்கில் லென்ஸ் நடுப்பகுதியின் கதிரியக்கக் கார்பனை அளந்து ஒருவர் பிறந்த ஆண்டையே கணித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இத்தனை வருடம் மாற்றாமல் வைத்திருக்கும் புரதம் கெடாமல் இருக்குமா? சூடும் ஒளியும் பட்டு அது மெல்ல உருக்குலைகிறது. உருக்குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பிடித்து வைக்க ஆல்பா கிரிஸ்டலின் என்ற காவல் புரதம் உண்டு. அதன் கையிருப்பும் பிறவியில் வந்தது மட்டும்தான். நடுப்பகுதியில் அது ஏறக்குறைய 40 வயதில் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் லென்ஸின் மையம் விறுவிறுவென்று கெட்டிப்படுகிறது. வெள்ளெழுத்துக்குச் சாளேசுரம் என்றும் ஒரு பெயர் உண்டு, கன்னடத்தில் சாளீசு. சாலீஸ் என்றால் இந்தியிலும் உருதுவிலும் நாற்பது.

அப்படியானால் நாற்பதில்தான் எல்லாம் தொடங்குகிறதா? அதுதான் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த டாண்டர்ஸ் என்ற மருத்துவர் கிட்டத்துப் பொருளுக்காக லென்ஸ் உப்பிக்கொள்ளும் இந்தத் திறனை வயதுவாரியாக அளந்தார். பத்து வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய 14 டயாப்டர் (ஒளியைக் குவிக்கும் திறனை அளக்கும் அலகு). அதாவது 7 செ.மீ. தூரத்திலேயே எழுத்தைத் தெளிவாகப் பார்க்கும். இருபதில் 10 டயாப்டர், முப்பதில் 7, நாற்பதில் நாலரை, ஐம்பதில் இரண்டரை, அறுபதில் ஏறத்தாழ 1. பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் இழக்கிற 4 டயாப்டர், நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இழப்பதைவிட அதிகம்! பள்ளிக்கூடப் பையன் இழந்தது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் 7 செ.மீ.யில் வைத்து யாரும் புத்தகம் படிப்பதில்லை. நாம் படிப்பது 35 செ.மீ.யில். அதற்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவான டயாப்டர் வேண்டும். கைவசம் உள்ளதில் பாதியை மிச்சம் வைத்தால்தான் அலுப்பில்லாமல் படிக்கலாம் என்பது கண் பரிசோதகர்களின் கணக்கு. நாற்பதில் உள்ள நாலரையில் பாதி இரண்டேகால். கணக்கு இங்கேதான் உதைக்கிறது. சாயங்காலமானால் கண் வலிப்பதும் இதனால்தான்.

நாற்பதில் நடப்பது, முப்பது வருடமாக நகர்ந்து வந்த ஒரு கோடு நம் கையின் நீளத்தைத் தொடுவது மட்டும்தான். ஆனால் நாம் அதை 'வயசாகிவிட்டது' என்ற அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறோம். மருத்துவப் பெயரும் அதற்கு ஒத்து ஊதுகிறது. பிரெஸ்பையோப்பியா என்றால் கிரேக்கத்தில் கிழக்கண் என்பது போல. வேடிக்கை என்னவென்றால், அதே கிரேக்க வேர்ச்சொல்லிலிருந்து வந்த பதவியைத் தமிழ் விவிலியம் 'மூப்பர்' என்று மரியாதையாக மொழிபெயர்த்திருக்கிறது.

கண்ணாடி போடத் தயங்கும் இந்தக் கூச்சத்துக்கு விலை உண்டு. 2018இல் வெளியான ஒரு ஆய்வில், அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே படிக்கிற கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் எடை மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கண்ணாடி என்றால் படித்தவர்களுக்கு என்று நினைத்திருந்தால், கொழுந்தைத் தேடும் விரலுக்கும் கண் வேண்டும் என்பதை யோசிக்க வேண்டும். வங்கதேசத்தில் தையல், நெசவு போன்ற வேலை செய்பவர்களிடம் நடந்த இன்னொரு சோதனையில் வருமானமே 33 சதவீதம் அதிகமாக இருந்தது. உலகில் 80 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்தச் சாதாரணக் கண்ணாடி இல்லாமல் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காதது காரணம். என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

மூப்பைப் பற்றிய நினைப்பே உடம்பைப் பாதிக்குமா என்று யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி பல வருடமாக ஆராய்கிறார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறு ஊரில், 'வயது ஏற ஏற எல்லாம் மோசமாகிறது' என்பது போன்ற வாசகங்களை ஒத்துக்கொள்கிறார்களா என்று 1975இல் கேட்டு வைத்திருந்தார்கள். அவர்களில் 660 பேரின் ஆயுளைக் கணக்கெடுத்து அவர் 2002இல் ஆய்வை வெளியிட்டார். மூப்பை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, வசதி, அப்போதைய உடல்நிலை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு நீடித்தது. இந்த ஏழரையை அப்படியே விழுங்க எனக்குத் தயக்கம்தான். வெளியே தெரியாத நோய் உள்ளே இருந்தவர்கள் சலித்துப் பேசியிருக்கலாம். ஆனால் லெவி சொல்லும் வழிகளில் ஒன்று நம்பும்படி இருக்கிறது. 'வயசானால் அப்படித்தான்' என்று நினைப்பவர் பரிசோதனைக்குப் போவதில்லை, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. இந்த நினைப்பையும் நாம் நாற்பதில் வாங்குவதில்லை, சிறுவயதிலேயே கேட்டுக் கேட்டு உள்ளே போட்டு வைத்திருக்கிறோம் என்கிறார். லென்ஸின் கதையேதான்.

ஒருவழியாகக் கண்ணாடி போட்டேன், ப்ளஸ் ஒன்றேகால். போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று பயமுறுத்தினார்கள். போடாவிட்டாலும் ஏறும், அறுபதை ஒட்டி இழக்க எதுவும் இல்லாமல் நின்றுவிடும். வெயிலில் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறதே என்பார்கள். கண்ணின் நடுவே ஒளி நுழையும் கருந்துளையான பாப்பா சுருங்கி ஊசித் துளைபோல் ஆவதால் வரும் தெளிவு அது. அமெரிக்காவில் 2021இல் அனுமதி பெற்ற வெள்ளெழுத்துச் சொட்டு மருந்தும் பாப்பாவைச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. சில மணி நேரம் தாங்கும், லென்ஸை அது தொடுவதில்லை.

போன மாதம் வீட்டில் ஸ்கேலை வைத்து, எவ்வளவு கிட்டே வரை எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று எல்லோருக்கும் அளந்து பார்த்தோம். மகளுக்கு 8 செ.மீ., எனக்குக் கண்ணாடி இல்லாமல் 30ஐத் தாண்டியது. 71 வயதான என் அம்மா, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாளிதழின் பொடி எழுத்தைக் கடகடவென்று படித்தார். "போன வருஷத்துல இருந்தே கண்ணாடி வேண்டியிருக்கலடா" என்றார். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் இந்த வயதிலும் இப்படி ஒரு பார்வையா என்று மெச்சியிருக்கிறார்கள். லென்ஸின் நடுவில் கண்புரை முற்றத் தொடங்கும்போது அது ஒளியை அதிகமாக வளைக்க ஆரம்பிக்கும். அப்போது கிட்டத்து எழுத்து கொஞ்ச காலம் தானாகத் தெளிந்து, தூரம் மங்கும். "தெருமுனையில வர்றது யாருன்னு தெரியுதாம்மா?" என்றேன். "அதெல்லாம் வயசானா அப்படித்தான்" என்றார். செவ்வாய்க்கிழமைக்குக் கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை பேத்தியிடம் பெருமையடித்துக்கொள்ளட்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை.