கற்பித்தல் தலைமை: சொல்லும் பொருளும்

பள்ளி மேம்பாடு பற்றிய பயிற்சிக் கையேடுகளில் ‘இன்ஸ்ட்ரக்‌ஷனல் லீடர்ஷிப்’ என்னும் ஆங்கிலத் தொடர் அடிக்கடி வருகிறது. தமிழில் இதனை ‘அறிவுறுத்தல் தலைமை’ என்றும், ‘போதனைத் தலைமைத்துவம்’ என்றும், ‘கற்பித்தல் தலைமைப்பண்பு’ என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பள்ளியின் தலைவர் தம் அதிகாரத்தையும் நேரத்தையும் முதன்மையாக வகுப்பறையில் நடக்கும் கற்பித்தலைச் செம்மைப்படுத்துவதற்கே செலவிடுவதும், ஆசிரியர்கள் தம் கற்பிக்கும் முறையைத் தாமே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் சூழலை உருவாக்குவதும், அந்த ஆராய்ச்சியில் தாமும் ஒருவராக அமர்வதும் இத்தொடரின் பொருள். கட்டடம், வரவு செலவு, வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள்களின் கணக்கு ஆகியவை நிருவாகத்தில் அடங்கும். அவை இல்லாமல் பள்ளி நடக்காது என்றாலும் இத்தொடர் அவற்றைக் குறிப்பதில்லை.

தொடரின் பிறப்பிடம் அமெரிக்கா. குழந்தையின் தேர்ச்சியைப் பள்ளியைவிடக் குடும்பப் பின்னணியே பெரிதும் முடிவு செய்கிறது என்ற எண்ணம், அமெரிக்கப் பள்ளிகளில் கல்வி வாய்ப்புச் சமத்துவத்தை ஆராய்ந்து 1966இல் வெளியான கோல்மன் அறிக்கைக்குப் பிறகு அங்கே வேரூன்றியிருந்தது. ஏழைக் குழந்தைகள் படிக்கும் நகர்ப்புறப் பள்ளிகளிலும் சில நன்றாகக் கற்பிக்கின்றனவே, அவற்றில் என்ன வேறுபாடு என்று கேட்டவர்களில் கல்வி ஆய்வாளர் ரொனால்ட் எட்மண்ட்ஸ் முக்கியமானவர். 1979இல் அவர் எழுதிய கட்டுரையில், அத்தகைய பள்ளிகளின் பொதுக்கூறுகளுள் ஒன்றாக வலுவான தலைமையைக் குறிப்பிட்டார். 1980களில் பிலிப் ஹாலிங்கரும் ஜோசப் மர்ஃபியும் அந்தத் தலைமை செய்யும் வேலைகளை வகைப்படுத்தினர்: பள்ளியின் கற்றல் இலக்கை வரையறுத்தல், கற்பித்தல் பணியை ஒழுங்குசெய்தல், கற்றலுக்கு உகந்த சூழலை வளர்த்தல். தொடர் ஒரு கலைச்சொல்லாக நிலைபெற்றது இந்தக் காலத்தில்தான்.

பின்னர் சில ஆண்டுகள் ‘மாற்றம் விளைவிக்கும் தலைமை’ என்னும் வேறொரு கருத்து, ஊக்கமூட்டும் தலைவர், தொலைநோக்கு, கவர்ச்சி என்ற சொற்களோடு முன்னுக்கு வந்தது. 2008இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது, மாணவர் கற்றலில் கற்பித்தல் தலைமையின் விளைவு மற்றதைப் போல் மூன்று, நான்கு மடங்கு இருந்தது. தலைவர் செய்யும் வேலைகளை ஐந்தாகப் பிரித்துப் பார்த்ததில், ஆசிரியர்களின் தொழிற்கற்றலை ஊக்குவித்துத் தாமும் அதில் பங்கேற்பதே 0.84 என்னும் விளைவளவோடு (தாக்கம் எவ்வளவு பெரிது என்று காட்டும் புள்ளியியல் எண்) முதலிடத்தில் நின்றது. பள்ளியில் ஒழுங்கைப் பேணுவதற்குக் கிடைத்தது 0.27. ‘தாமும் பங்கேற்பது’ என்ற பகுதியைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக்கு ஆசிரியர்களை அனுப்பிவிட்டு அலுவலக அறையில் இருப்பவருக்கு இந்த எண் பொருந்தாது.

இனிச் சொற்களைத் தனித்தனியே காண்போம். ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பதன் மூலம், அடுக்குதல், கட்டி எழுப்புதல் என்று பொருள்படும் ‘ஸ்ட்ருவேரெ’ என்னும் இலத்தீன் வினை. மாணவன் உள்ளத்தில் அறிவை அடுக்கி எழுப்புவது என்ற கருத்து அதில் உண்டு. இச்சொல் தமிழ்நாட்டுக் கல்வித்துறைக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியக் கல்விக்கு வழிவகுத்த 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையை ஒட்டிச் சென்னை மாகாணத்தில் அமைந்த துறையின் தலைவருக்கு ‘டைரக்டர் ஆஃப் பப்ளிக் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று பெயர். சென்னைக் கல்லூரிச் சாலையில் உள்ள வளாகம், 2022இல் பேராசிரியர் அன்பழகன் பெயர் சூட்டப்பட்ட பிறகும், ஆசிரியர்களின் பேச்சில் டி.பி.ஐ. வளாகமாகவே இருப்பது அந்தப் பதவிப் பெயரால்தான். ஆகவே ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ அங்கும் கல்வி புகட்டுதலையே குறித்தது; ஆணையிடுதலைக் குறிக்கவில்லை.

‘அறிவுறுத்தல்’ என்னும் மொழிபெயர்ப்பு வழுக்குவது இந்த இடத்தில்தான். அச்சொல்லின் பழம்பொருள் குறையுடையதன்று. அரசனுக்குப் புலவன் நல்லது எடுத்துரைக்கும் புறத்துறைக்குச் ‘செவியறிவுறூஉ’ என்று பெயர், அறிவைச் சேரச் செய்தல் என்பதே அதன் உட்பொருள். ஆனால் இன்று ‘மாவட்ட ஆட்சியர் அறிவுறுத்தல்’ என்று செய்தித்தாளில் படிக்கும்போது எவரும் அதனைக் கற்பித்தலாக எடுத்துக்கொள்வதில்லை. ‘அறிவுறுத்தல் தலைமை’ என்று எழுதினால், சுற்றறிக்கை அனுப்பும் தலைமை என்றே வாசகர் கொள்வார். மூலத்தொடர் விலக்க நினைத்ததையே அது உள்ளே கொண்டுவந்துவிடுகிறது.

‘கற்பித்தல்’ பொருந்துவதற்கு இலக்கணக் காரணமே உண்டு. கல் என்னும் தன்வினை பிறவினையாகும்போது கற்பி ஆகிறது. கற்கச் செய் என்பது அதன் பொருள். செய்வி என்றால் மற்றொருவர் செய்தாக வேண்டும், உண்பி என்றால் மற்றொருவர் உண்டாக வேண்டும். அதுபோல், எதிரில் இருப்பவர் கற்காதபோது ஆசிரியர் பேசியிருக்கலாம், எழுதிப்போட்டிருக்கலாம். கற்பித்தார் என்று சொல்லச் சொல்லமைப்பு இடம் தருவதில்லை. நன்னூல் பாடம் சொல்லும் முறையை வகுக்கும்போது, கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொளக் கொடுக்க வேண்டும் என்கிறது. கொடுப்பவரின் திறமையை அளக்கும் அளவுகோல் கொள்பவரிடம் இருக்கிறது என்ற எண்ணம் பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியருக்கு இயல்பாக வந்திருக்கிறது.

‘லீடர்ஷிப்’ சற்றுச் சிக்கலானது. ‘லீட்’ என்னும் வினை, பழைய ஆங்கிலத்தில் செல்லுதலைக் குறித்த வினையின் பிறவினை. செல்லச் செய்தல், வழி கூட்டிச் செல்லுதல் என்பது அதன் பொருள். நம்முடைய ‘தலைமை’ தலை என்னும் உறுப்புப் பெயரிலிருந்து வந்தது. அது உயர்ந்த இடத்தைக் காட்டுகிறது, நகர்வைக் காட்டுவதில்லை. ‘விழாவுக்குத் தலைமை தாங்கினார்’ என்றால் மேடையின் நடு நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதற்கு மேல் எதுவும் உறுதியில்லை. ‘வழிநடத்தல்’ என்று மாற்றலாமே எனச் சிலர் கேட்பது இதனால்தான். பொருள் நெருக்கம் அதில் கூடுதல். ஆனால் பள்ளித் தலைவருக்குப் பதவி வழியாக உள்ள பொறுப்பும் பதில்சொல்லும் கடமையும் அதில் மறைகின்றன. ‘கற்பித்தல்’ என்ற அடை முன்னே நின்று வேலையைக் காட்டிவிடுவதால் ‘தலைமை’யே போதும் என்பது என் கருத்து. ‘தலைமைத்துவம்’ தேவையற்றது, பண்பைக் காட்டும் ‘மை’ விகுதி ஏற்கெனவே இருக்க, அதே வேலையைச் செய்யும் வடமொழி விகுதியை மேலும் ஒட்டுகிறது. இலங்கை வழக்கில் அது வேரூன்றிவிட்டதால் பிழையென்று அடித்துவிட முடியாது. ‘தலைமைப்பண்பு’ வேறு வகையில் திசை திருப்புகிறது: செய்யும் வேலையை ஒருவரின் பிறவிக் குணமாக்கிவிடுகிறது.

பதவிப் பெயர்களையும் இங்கே சொல்லிவிடலாம். ‘பிரின்சிபல்’ என்பதன் வேர், முதலிடம் கொண்டவன் எனப் பொருள்படும் இலத்தீன் ‘பிரின்கெப்ஸ்’. ‘முதல்வர்’ அதற்கு அச்சாகப் பொருந்தும் தமிழ். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பல ஆசிரியர் பணியாற்றிய பள்ளியில் ஒருவரைப் ‘பிரின்சிபல் டீச்சர்’, அதாவது முதன்மை ஆசிரியர் என்றனர். அவரும் பாடம் நடத்தினார். பள்ளிகள் பெருத்து, கற்பிக்கும் பொறுப்பு அவரிடமிருந்து நழுவியபோது, பேச்சு வழக்கில் ‘டீச்சர்’ என்னும் பகுதியும் உதிர்ந்தது. இலங்கையில் ‘அதிபர்’ என்பது வழக்கு. அதே சொல் தமிழ்நாட்டுச் செய்திகளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரைக் குறிப்பதால், இங்கிருந்து யாழ்ப்பாணச் செய்தியைப் படிப்பவர் ஒரு கணம் திகைக்கக்கூடும். தமிழ்நாட்டிலும் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் வழங்கும் ‘தலைமையாசிரியர்’ மட்டும் ஆசிரியர் என்ற பகுதியை விடாமல் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளிகளில் எச்.எம். இன்றும் நாள்தோறும் வகுப்பெடுக்கிறார் என்பதால், அங்கே அது வெறும் பெயரளவில் இல்லை.

‘டீச்சிங் பிராக்டிஸ்’ என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பி.எட். படித்தவர்கள் காதில் அது பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தும் வாரங்களாக, கற்பித்தல் பயிற்சியாகவே ஒலிக்கும். கற்பித்தல் தலைமை பற்றிய நூல்கள் சொல்வது, பணியில் உள்ள ஓர் ஆசிரியர் நாள்தோறும் வகுப்பில் வழக்கமாகச் செய்வதை. அதற்குக் ‘கற்பித்தல் நடைமுறை’ என்பதே ஏற்றது. நடைமுறையை மேம்படுத்துவதும் பயிற்சி அளிப்பதும் ஒன்றல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. நான்காம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவது எளிது. தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் பள்ளி முடிந்தபின் நோட்டுகளை விரித்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும்: அக்குழந்தைகள் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள், ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. கடன் வாங்குதல் அவர்களுக்கு ஒரு சடங்காகக்கூட வந்து சேரவில்லை. “டீச்சர், நாளைக்குக் குச்சிக் கட்டை வெச்சு ஒரு பத்தைப் பிரிச்சுக் காட்டுங்க, நானும் பின்னாடி உக்காந்து பாக்கறேன்” என்று அவர் சொல்வதும், மறுநாள் உண்மையிலேயே வந்து உட்கார்வதும், எந்தக் குழந்தை இன்னும் 35 எழுதுகிறது என்று இருவரும் மீண்டும் பார்ப்பதும்தான் இத்தொடர் குறிக்கும் வேலை. பாடக்குறிப்பேட்டில் வாரந்தோறும் கையெழுத்திடுவது இதற்கு ஈடாகாது; ஆண்டாய்வுக்கு வரும் அலுவலர் வகுப்பை உற்றுநோக்குவதும் வேறு, அதில் மதிப்பீடு முந்தி நிற்கிறது. பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவேற்றத்திலும் கூட்டங்களிலும் பகல் கரையும் தலைமையாசிரியருக்கு இதற்கு நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை துறையிடம்தான் இருக்கிறது. பெரிய பள்ளியில் இவ்வேலையை உதவித் தலைமையாசிரியரும் மூத்த பாட ஆசிரியர்களும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே இதனைத் ‘தலைமையாசிரியர் பணி’ என்று சுருக்கி மொழிபெயர்ப்பதும் சரியாகாது.

எழுதும்போது ‘கற்பித்தல் தலைமை’ என இடம்விட்டு எழுதுவதே நல்லது. வேற்றுமைப் புணர்ச்சி விதிப்படி சேர்த்தால் கல் + தூண் கற்றூண் ஆவதுபோல் இது ‘கற்பித்தற்றலைமை’ ஆகும். இலக்கணப்படி அதில் பிழையில்லை, ஆனால் பயிற்சிக் கையேட்டில் அப்படி அச்சிட்டால் படிப்பவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார்.