ஒடித்தும் ஒடியாத கிளை

செபிலோக் ஒராங்குட்டான் மையத்துக்குப் போய்வந்த படங்களைப் பார்த்த வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "தாயில்லாக் குட்டியைத் தேற்றியாச்சு, சரி. உடனே காட்டில் விட்டால் என்ன? எதற்கு இத்தனை வருஷப் பயிற்சி?"

மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டக்கான் ஊருக்குப் பக்கத்தில் 1964இல் தொடங்கிய ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் அது. பாமாயில் தரும் செம்பனைக்காகக் காடு அழிந்தபோது தாயை இழந்தவை, யாரோ வீட்டில் வளர்க்கப் பிடித்துவந்தவை என்று பல குட்டிகள் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. ஏறவும் இரை தேடவும் பழக வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்த பாடம் படுக்கை போடுவது.

ஒராங்குட்டான் தினமும் சாயங்காலம் மர உச்சியில் புதுக் கூடு கட்டும். பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் வளர்ந்த ஆண் என்றால் 80 கிலோவை அது ராத்திரி முழுக்கத் தாங்க வேண்டும்.

வேப்பங்குச்சி ஒடித்திருப்பீர்கள். காய்ந்தது 'டப்'பென்று இரண்டாகும். பச்சைக் குச்சி அப்படி வராது. வளைவின் வெளிப்பக்க நார்கள் அறுந்து வெடிப்பு பாதி தூரம் போகும். அப்புறம் திரும்பி நீளவாக்கில் ஓடும். நாரைக் குறுக்கே அறுப்பது கஷ்டம், பக்கத்து நாரிடமிருந்து பிரிப்பது சுலபம். மிச்சப் பாதி கதவுக் கீல் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். நாம் எரிச்சலோடு திருகிப் பிய்க்கும் அந்தக் கீலை நம்பித்தான் ஒராங்குட்டான் படுக்கிறது! கிளை மடங்கியும்விட்டது, மரத்தைவிட்டுப் போகவும் இல்லை. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக சுமத்ராவில் கூடுகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். சட்டமாகப் பின்னிய தடித்த கிளைகள் பெரும்பாலும் பாதி ஒடிந்தவை. மேலே மெத்தையாகப் போட்டவை முழுசாக ஒடித்த மெல்லிய குச்சிகள்.

குரங்குக் கூட்டில் என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்கள் உண்டு. சபாவில் ஹெலிகாப்டரிலிருந்து கூடுகளை எண்ணித்தான் ஒராங்குட்டான்களின் தொகையையே கணக்கிட்டார்கள். குட்டி முகத்தைக் காட்டினால் கொட்டுகிற நன்கொடைக் காசில் கொஞ்சம் இந்த ஆராய்ச்சிக்கும் போகட்டும்.

குட்டி ஏழு வருஷம் போலத் தாயோடு இருக்கும். அதாவது சுமார் 2,500 சாயங்காலங்கள் அம்மா கிளை ஒடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும். வாசகி கேட்ட அந்த வருஷங்கள் இவைதான்.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு குட்டி இலைக்கொத்தை இழுத்து அதன்மேல் உட்கார்ந்தது. ஒடிக்கவில்லை, வளைத்ததோடு சரி. லேசாக நகர்ந்ததும் கிளை விருட்டென்று எழும்பிவிட்டது. மூன்று தடவை அப்படியே. நாலாவது தடவை ஓர் இலையைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டது.