கையை இறுக்காதீர்கள்: குன்சும் பாதையில் வண்டி விழாமல் போவது எப்படி

மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதையைக் கடந்து வலப்பக்கம் திரும்பினால் கோக்சர், அப்புறம் கிராம்ஃபூ. அங்கிருந்து சந்திரா ஆற்றை ஒட்டியே சத்ரு, சோட்டா தாரா, பாத்தல் என்று போய், 4,550 மீட்டரை ஒட்டிய குன்சும் கணவாயில் ஏறி, லோசர் பக்கம் இறங்கி, பைக்கில் ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் காசா ஊருக்குப் போய்ச் சேரலாம். கிராம்ஃபூவிலிருந்து காசா வரை 135 கி.மீ. போலத்தான் இருக்கும், சென்னையிலிருந்து வேலூர் போகிற தூரம். அதற்கே கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் போய்விடுகிறது. பல இடங்களில் சாலை என்பது ஆற்றங்கரைக் கற்களும், குறுக்கே ஓடும் பனியாற்று ஓடைகளும்தான். அங்கங்கே இப்போது சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது, ஆனாலும் கற்கள் இன்னும் கற்களாகவே கிடக்கின்றன.

இங்கே வண்டியைக் கீழே போடுகிறவர்களில் நிறையப் பேர் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள். தார் ரோட்டில் வருடக்கணக்காக ஓட்டியவர்கள். கற்களைப் பார்த்ததும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறார்கள், பாதி சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால், ஓடுகிற வண்டி எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் தானாகவே இடப்பக்கம் திரும்பும். திரும்பியதும் சக்கரங்கள் சாயும் எடைக்கு அடியில் போய் நிற்கும், வண்டி நிமிரும். இது ஒரு நொடிக்குள் பலமுறை நடக்கிறது, நமக்குத் தெரிவதே இல்லை. சக்கரம் ஏன் தானாகத் திரும்புகிறது என்பதற்கு இரண்டு காரணங்களை வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். ஒன்று, சுழலும் சக்கரத்தின் கைரோஸ்கோப் விளைவு. இன்னொன்று, முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால் ஸ்டியரிங் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழுவது. 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இரண்டையுமே நீக்கிய ஒரு விசித்திரமான சின்ன சைக்கிளைக் கட்டினார்கள். எதிர்த் திசையில் சுழலும் கூடுதல் சக்கரங்களை வைத்து கைரோஸ்கோப் விளைவை அழித்தார்கள், டயர் தொடும் புள்ளியையும் ஸ்டியரிங் அச்சுக்கு ஒரு மயிரிழை முன்னால் தள்ளிவிட்டார்கள். அப்படியும் அதைத் தள்ளிவிட்டால் ஆளே இல்லாமல் நிமிர்ந்து ஓடியது. எடை எங்கெங்கே பகிர்ந்து கிடக்கிறது என்பதும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. எந்தக் காரணமாக இருந்தாலும் கடைசியில் வேலை நடப்பது ஒரே வழியில்தான்: சாயும் பக்கம் முன்சக்கரம் திரும்ப வேண்டும், அதற்கு அதை விட வேண்டும்.

இப்போது சத்ருவுக்கு அருகே தேங்காய் அளவு கற்கள் பரவிக் கிடக்கும் ஒரு திட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் ஒரு கல்லின் ஓரத்தில் பட்டு இடப்பக்கம் வெட்டுகிறது. கை தளர்வாக இருந்தால் ஹேண்டில் ஒருமுறை ஆடி, அடுத்த அரைச் சுற்றுக்குள் நேராக வந்துவிடும். கை இறுக்கமாக, முழங்கை மடங்காமல் நீட்டியபடி இருந்தால், அந்த வெட்டு தோள்பட்டை வழியாக உடம்பு முழுக்க ஏறி, உடம்பு சாய்ந்து, சாய்ந்த உடம்பு ஹேண்டிலை இன்னும் கொஞ்சம் இழுத்து, வண்டி தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிறது. ஆகவே முழங்கை மடங்கி வெளிப்பக்கம் இருக்கட்டும், விரல்கள் பிடியைச் சுற்றி இருந்தால் போதும், வண்டியைப் பிடிக்கும் வேலையை முழங்கால்கள் டேங்கை அணைத்துச் செய்யட்டும். ஆனால் இந்தத் தானியங்கித் திருத்தத்துக்கு வேகம் வேண்டும். நடக்கும் வேகத்துக்குக் கீழே போனால் அது ஏறக்குறைய மறைந்துவிடும். கல்லைப் பார்த்துப் பயந்து ஊர்ந்து போகிறவர் அடிக்கடி விழுவதற்கு இதுதான் காரணம். முதல் அல்லது இரண்டாம் கியரில், சீராக, நிற்காமல்.

எழுந்து நின்று ஓட்டுவதும் இதன் தொடர்ச்சிதான். நின்றால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும் என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. நின்றால் மொத்த எடையின் மையம் மேலேதான் போகும். நிற்பதால் நடப்பது வேறு. உட்கார்ந்திருக்கும்போது 200 கிலோ வண்டியும் 75 கிலோ ஆளும் ஒரே துண்டு. வண்டி பக்கவாட்டில் ஆடினால் ஆளும் ஆடுவார், அந்த எடை சேர்ந்து ஆட்டத்தைப் பெரிதாக்கும். கால் வைக்கும் ஃபுட்பெக்கில் நின்றால் இடுப்புக்குக் கீழே ஒரு மூட்டு வந்துவிடுகிறது. வண்டி கால்களுக்கு இடையே இப்படியும் அப்படியும் ஆடிவிட்டுப் போகும், தலையும் தோளும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பின்சக்கரம் கல்லில் ஏறும்போது சஸ்பென்ஷன் உங்கள் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டியதில்லை, முழங்கால் மடங்கி அதை வாங்கிக்கொள்ளும். நின்றால் தூரத்துக் கல்லும் தெரியும், அதுவும் சின்ன விஷயமில்லை.

சரி, ஓடைக்கு வருவோம். அங்கே நாலா என்பார்கள். இந்தப் பாதையில் எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான், அஞ்ச வேண்டியதும் இதற்குத்தான்.

இந்த நாலாக்களின் தண்ணீர் பெரும்பாலும் மேலே இருக்கும் பனியும் பனியாறும் உருகி வருவது. வெயில் ஏற ஏற உருகும், உருகியது கீழே வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் விடியற்காலையில் தண்ணீர் மிகக் குறைவு, பிற்பகலிலும் மாலையிலும் உச்சம். காலை ஏழு மணிக்குக் கணுக்காலை நனைத்த ஓடை, அதே நாள் நான்கு மணிக்கு முழங்காலுக்கு மேல் நிற்கும். ஆழம் கூடும்போது வேகமும் கூடுகிறது, உண்மையான ஆபத்து அந்த வேகத்தில் இருக்கிறது. ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்கிறது. முழங்கால் அளவு தண்ணீரில் இரண்டு சக்கரங்களும் என்ஜினின் கீழ்ப்பகுதியுமாக 0.2 சதுர மீட்டர் பரப்பு பக்கவாட்டு ஓட்டத்துக்குக் காட்டப்படுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் வரும். 2 மீட்டர் வேகத்தில் அது 40 கிலோ. வழுக்கும் உருண்டைக் கல்லில் இரண்டு டயர்களை வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்து 40 கிலோவைத் தாங்கி நிற்க வேண்டும்.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. ஓடும் நீர் உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடை, வேகத்தின் ஆறாம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் 64 மடங்கு எடையுள்ள கல் அசையும். காலையில் கூழாங்கல்லை மட்டும் நகர்த்திய தண்ணீர் மாலையில் பாறைத் துண்டுகளை உருட்டும், நாலாவுக்குப் பக்கத்தில் நின்றால் அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மந்தமாகக் கேட்கும். நேற்று ஒருவர் போன தடம் இன்று இல்லாமல் போவதும் இதனால்தான். பழைய வீடியோவைப் பார்த்து வழியை முடிவு செய்யாதீர்கள், இறங்கி நடந்து பாருங்கள். கால் வைத்த இடத்தில் கல் நகர்கிறதா, தண்ணீர் எந்த இடத்தில் அகன்று சலசலக்கிறது என்று பாருங்கள். அகன்று சலசலக்கும் இடம் ஆழமில்லாதது. குறுகி, அமைதியாக, இருண்டு ஓடும் இடத்தை விட்டுவிடுங்கள்.

கடக்கும்போது முதல் கியர், சீரான த்ராட்டில், கண் எதிர்க்கரையில். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை சைலன்சர் முனை தண்ணீருக்குள் போனாலும் வெளியேறும் வாயுவே தண்ணீரைத் தள்ளி வைக்கும். காற்று உள்ளே போகும் வழிதான் நனையக் கூடாது. அங்கே தண்ணீர் புகுந்து வண்டி அணைந்துவிட்டால் செல்ஃப் ஸ்டார்ட்டைத் தொடவே கூடாது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் பிஸ்டன் காற்றை ஒன்பதில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்குகிறது. காற்று நெருங்கும், தண்ணீர் நெருங்காது. பிஸ்டன் மேலே வர முயலும், சிலிண்டரில் தண்ணீர் நிற்கும், நடுவில் இருக்கும் கனெக்டிங் ராட் வளையும். அந்த இடத்தில் அதைச் சரிசெய்ய ஆளும் கிடையாது, பாகமும் கிடையாது. வண்டியைக் கரையேற்றி, ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வெளியே பீய்ச்சும்வரை என்ஜினைச் சுழற்றி, ஏர் ஃபில்டரைக் காயவைத்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக நேர்ந்தால் நீரோட்டம் வரும் பக்கத்தில் நின்று தள்ளுங்கள். விழுந்தால் அது உங்களை விட்டு விலகி விழும், கீழ்ப்பக்கம் நின்றால் உங்கள் மேல் விழுந்து தண்ணீருக்குள் அமுக்கும்.

பாத்தல் தாண்டி ஏறத் தொடங்கினால் வண்டி சோம்பிப்போகும். 4,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 63 சதவீதம். என்ஜின் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் காற்றில் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது, எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைகிறது, சக்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் போய்விடுகிறது. 411-இன் 24 குதிரைத்திறன் குன்சுமில் 15 ஆகிவிடும். 2023-இல் வந்த ஹிமாலயன் 450-இன் 40, அங்கே 25 ஆகும். அதாவது புது வண்டி குன்சுமில் தரும் சக்தி, பழைய வண்டி தான் பிறந்த சென்னைப் பக்கத்தில் தந்த சக்திக்குச் சமம். கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு தொல்லை: காற்று மெலிந்தது தெரியாமல் அது பெட்ரோலை அதிகமாகவே கலக்கும், வண்டி இருமும், ப்ளக் கருகும். ஃபியூல் இன்ஜெக்ஷன் காற்றழுத்தத்தை அளந்து கலவையைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. சக்தி குறைந்ததும் ஆட்கள் செய்வது ஹாஃப் கிளட்ச். ஏற்றத்தில் கிளட்சைப் பாதி பிடித்தபடி த்ராட்டிலை முறுக்கினால் பிளேட்டுகள் உரசி, கருகிய வாடை வரும். வாடை வந்துவிட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள், பிளேட் போனால் அன்றைய பயணம் முடிந்தது.

டயர் காற்றும் உயரத்தோடு மாறும், இதைக் கவனிப்பவர்கள் குறைவு. டயர் கேஜ் காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். மணாலியில் வெளியழுத்தம் 11.5 பிஎஸ்ஐ போல, குன்சுமில் 8.3 போல. மணாலியில் 25 வைத்து ஏறினால், வெப்பநிலை மாறாதிருந்தால் மேலே கேஜ் 28 காட்டும். பைக்குள் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். காலைக் குளிர் அதில் ஒன்றிரண்டைக் குறைக்கும், மதிய வெயிலும் கல் மேல் ஓடிய சூடும் அதைத் திரும்பக் கொண்டுவரும். கடினமான டயர் கல்லை அணைக்காது, அதில் பட்டுத் துள்ளும். அதனால் கையில் ஒரு கேஜ் இருக்கட்டும், கற்பாதை தொடங்கும் இடத்தில் அளந்து 20-ஐ ஒட்டி இறக்குங்கள். ட்யூப் டயர் என்றால், சுமையும் இருந்தால், இன்னும் இறக்க வேண்டாம். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரண்டு துளை விழும்.

லோசர் பக்கம் இறங்கினால் மண் சாலையில் வரிவரியாக மேடுகள் இருக்கும், உடம்பைக் குலுக்கி எடுத்துவிடும். 2007-இல் டொரன்டோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சிலர் மற்றவர்களோடு சேர்ந்து, சுழலும் மணல் தட்டின் மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டு இதை ஆராய்ந்தார்கள். சஸ்பென்ஷனே இல்லாத சக்கரமும் இந்த வரிகளை உண்டாக்கியது, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் மட்டும் வரிகள் வரவில்லை. அப்படியானால் வண்டிகள் ஓடும் வேகத்தில் எந்த மண் சாலையும் இதிலிருந்து தப்பாது. வேகமாகப் போனால் சக்கரம் மேடுகளின் உச்சிகளை மட்டும் தொட்டுப் போகும், குலுக்கல் குறையும். ஆனால் பாதி நேரம் டயர் தரையில் இல்லை என்று அர்த்தம். வளைவிலும் பிரேக்கிலும் அது உங்களுக்குத் தெரியவரும்.

இறக்கத்தில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தார் ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொண்டால் வழுக்கும், அதைத் தடுப்பது ஏபிஎஸ்ஸின் வேலை. சரளையில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் கற்களைக் குவித்துக்கொண்டு, அந்தக் குவியலில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் பூட்ட விடாது, குவியலும் உருவாகாது, வண்டி உருண்டுகொண்டே போகும். முன்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் எப்போதும் விட்டுவையுங்கள்.

கடைசியாக உடம்பு. காற்று மெலிந்தது என்ஜினுக்கு மட்டுமில்லை. விழுந்த வண்டியைக் குன்சுமில் ஒருமுறை தூக்கி நிறுத்தினால் மூச்சு இரைத்து உட்கார வேண்டிவரும். அதைவிடக் கவலை தருவது, ஆக்சிஜன் குறைந்தால் முடிவெடுக்கும் திறன் மங்குகிறது, மங்கியது நமக்கே தெரியாது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. மணாலி 2,050 மீட்டர், பாத்தலுக்கு அருகே இருக்கும் சந்திரதால் ஏரி முகாம்கள் 4,200-க்கு மேல். ஒரே நாளில் இந்த இரண்டையும் இணைப்பவர்கள் இரவில் தலைவலியோடும் வாந்தியோடும் கிடப்பதில் வியப்பில்லை. மூச்சு வாங்குவது ஓய்விலும் நிற்கவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் இரவானாலும் ஆளைக் கீழே இறக்க வேண்டும்.

அதனால் நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது எதிர்த்திசைப் பயணத்தைத்தான். சிம்லாவில் தொடங்கி, கல்பா, நாக்கோ என்று படிப்படியாக ஏறி, காசாவில் இரண்டு இரவு தங்குங்கள், பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து குன்சும் ஏறும்போது உடம்பு பழகியிருக்கும். ஆனால் காசாவிலிருந்து காலையில் கிளம்பி ஒரே மூச்சில் மணாலி போகத் திட்டமிட்டால் சத்ரு நாலாக்களுக்குச் சரியாகப் பிற்பகலில் வந்து நிற்பீர்கள், தண்ணீர் உச்சத்தில் இருக்கும் நேரத்தில். சந்திரதாலிலோ பாத்தலிலோ இரவைக் கழித்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். பாத்தலிலிருந்து கிராம்ஃபூ வரை சுமார் 50 கி.மீ.தான், முற்பகலுக்குள் எல்லா நாலாவும் பின்னால் போயிருக்கும்.