கொலீஜியம்: சொல் விளக்கம்

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ‘கொலீஜியத்துல பேர் போயிருக்கு’ என்றால், யாரையோ உயர் நீதிமன்ற நீதிபதியாக்கப் பரிந்துரைத்திருக்கிறார்கள் என்று பொருள். கொலீஜியம் என்பது நீதிபதி பதவிகளுக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழு. அரசியலமைப்புச் சட்டத்தில் இந்தச் சொல்லே கிடையாது. 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் நீதிபதி பகவதி இப்படியொரு குழு வேண்டும் என்று எழுதினார். 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை நடைமுறையாக்கியது. இன்றைய எண்ணிக்கை 1998-இல் வந்தது: உச்ச நீதிமன்ற நியமனத்துக்கு இந்தியத் தலைமை நீதிபதியும் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நால்வரும், உயர் நீதிமன்ற நியமனத்துக்கு அவரும் மூத்த இருவரும்.

வேர் இலத்தீன். ‘கொலேகா’ என்றால் ஒரே பதவிக்கு உடன் அமர்த்தப்பட்டவர். அவர்கள் கூடினால் ‘கொலேகியும்’. காலேஜும் அந்த வழி வந்ததே. கொலேகியும் அமைய மூவராவது வேண்டும் என்பது ரோமானியச் சட்ட விதி.

தமிழில் ‘நீதிபதிகள் நியமனக் குழு’ என்று எழுதுவது பிழை. நியமிப்பவர் குடியரசுத் தலைவர்; குழு பரிந்துரைக்க மட்டுமே செய்யும். தவிர, 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தோடும் அது குழம்பும். ‘தேர்வுக் குழு’ என்றால் டிஎன்பிஎஸ்சி நினைவுக்கு வரும். ஐவர் என்பதால் ‘ஐம்பெருங்குழு’ என்று எழுத ஆசை வரலாம். அந்தப் பழைய குழுவில் ஐந்து வெவ்வேறு துறையினர் இருந்தார்கள், இங்கே ஐவரும் ஒரே வரிசை. ‘மூத்த நீதிபதிகள் பரிந்துரைக் குழு’ என்பதே சரி. தலைப்பில் இடமில்லையென்றால் கொலீஜியம் என்றே விட்டுவிடலாம்.

‘மூத்த’ என்பதை விடக்கூடாது, ஏனென்றால் குழுவுக்குள் நுழைய அது ஒன்றுதான் வழி. உச்ச நீதிமன்றத்துக்குத் தாமதமாக வருபவர் முதல் ஐந்துக்குள் வருமுன் 65 வயதாகி ஓய்வு பெற்றுவிடுவார். ரூமா பால், பானுமதி, நாகரத்னா என்று மூன்று பெண்களே இதுவரை அங்கே அமர்ந்தவர்கள். இவர்களில் பானுமதி, 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த அரூர், கிருஷ்ணகிரி ஊர்களின் நீதிமன்றங்களில் வாதாடியவர். முப்பதுகளின் தொடக்கத்திலேயே, 1988-இல், நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதியானார். 2003-இல் உயர் நீதிமன்றம், 2014-இல் உச்ச நீதிமன்றம், 2019 நவம்பரில் கொலீஜியம். எட்டே மாதத்தில் ஓய்வு. உரிமையியல் நீதிபதியாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுபவருக்கு அந்த அவகாசம் கிடைப்பது அரிது. உயர் நீதிமன்றத்திலேயே ஓய்வு வயது 62.

வழக்கறிஞர்களுக்குச் சிக்கல் வேறு. உயர் நீதிமன்றத்துக்கான பெயர்களை முதலில் பரிந்துரைப்பது அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் மூத்த இருவரும். அந்தத் தலைமை நீதிபதி வெளிமாநிலத்தவராக இருப்பது வழக்கம். தன் முன் வாதாடுபவர்களைத்தான் அவர் நேரில் அறிவார். ஆத்தூரிலோ சங்ககிரியிலோ இருபது ஆண்டுகள் குறுக்கு விசாரணை செய்தவர் சென்னையில் அந்த மூவர் கண்ணில் படுவதில்லை. பரிந்துரைத்த பெயரும் மாநில அரசு, உளவுத்துறை, ஒன்றியச் சட்ட அமைச்சகம், டெல்லியில் மூவர் என்று சுற்றிவர வேண்டும். அரசு திருப்பியனுப்பிய பெயரைக் குழு மறுபடி வலியுறுத்தினால் நியமித்தாக வேண்டும் என்பது தீர்ப்பு. அதன் பிறகும் கோப்புகள் கிடந்ததுண்டு.

உரிமையியல் நீதிபதி பதவிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வில் இடஒதுக்கீடு உண்டு. சேர்வராயன் மலை மலையாளி பழங்குடியினருக்கும் மற்ற பழங்குடிகளுக்கும் சேர்த்து 1 சதவீதம். அரசியலமைப்புச் சட்டத்தில் உயர் நீதிமன்ற நியமனத்துக்கான 217-ஆம் பிரிவிலும் உச்ச நீதிமன்றத்துக்கான 124-ஆம் பிரிவிலும் இடஒதுக்கீடு இல்லை.