விரலை எடுத்தால் விழிக்கும் பொத்தான்

எங்கள் சமையலறையில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைக்கும் ஸ்டாண்டுக்கு மேலே, சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. கேன் காலியானால் அம்மா அதை அழுத்துவார். கேன் போடும் அண்ணனும் நாங்களும் இருக்கிற டெலிகிராம் குழுவில், "அண்ணே, மூணாம் மாடிக்கு ரெண்டு கேன்" என்று செய்தி போய்விடும்.

2015இல் அமெரிக்காவில் அமேசான் கொண்டுவந்த டாஷ் பட்டனும் இதே வேலையைத்தான் செய்தது. விலை 5 டாலர். சலவைத்தூளுக்கு ஒன்று, டயபருக்கு ஒன்று என்று பிராண்டுக்கு ஒரு பட்டன். ஆனால் ஆர்டர் எடுத்தது நிறுவனத்தின் சர்வர். 2019 ஆகஸ்டு 31உடன் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். பேட்டரி தீராத பட்டன்களும் அதோடு பேச்சற்றுப் போயின. எங்கள் பொத்தான் வீட்டிலேயே இருக்கும் ஒரு ராஸ்பெர்ரி பை கணினியோடு மட்டும் பேசுகிறது. டெலிகிராமுக்குச் செய்தி அனுப்புவது அந்தக் கணினியின் வேலை.

பொத்தானுக்குள் இருப்பது இஎஸ்பி8266 சிப். சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் செய்வது, வைஃபை உள்ளேயே இருக்கிறது. சில நூறு ரூபாய் போதும். ஆனால் சரியான தீனிப்பண்டாரம். வைஃபையோடு விழித்திருந்தால் சராசரியாக 75 மில்லிஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 600 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 8 மணி நேரத்தில் காலி. காலையில் மாட்டினால் மாலைக்குத் தாங்காது.

அதனால் அதைத் தூங்க வைக்க வேண்டும். ஆழ்துயிலில் சிப்புக்குத் தேவை ஏறத்தாழ 20 மைக்ரோஆம்பியர்தான், அதாவது 0.02 மில்லிஆம்பியர். கணக்குப்படி அதே பேட்டரிக்கு 30,000 மணி நேரம், மூன்று வருடத்துக்கும் மேல். ஒரு முறை விழித்து, வைஃபையில் சேர்ந்து, செய்தி சொல்லிவிட்டுத் தூங்க 5 விநாடி ஆனாலும் செலவு 0.1 மில்லிஆம்பியர்-மணி அளவுதான். சிப் பொருத்திய பலகையில் சதா எரியும் குட்டி சிவப்பு விளக்கை மட்டும் முதலில் பிடுங்கிவிடுங்கள். தூங்கும் சிப்பைவிட அது பல மடங்கு தின்னும்.

தூங்குகிறதை எழுப்புவது எப்படி? சிப்பை முதலிலிருந்து தொடங்க வைக்கும் 'ரீசெட்' முனையைப் பொத்தான் வழியாக மின்சுற்றின் தரையோடு, அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு, இணைத்தால் போதும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், சிப் அழுத்தும்போது விழிப்பதில்லை. விரல் பொத்தான் மேல் இருக்கும்வரை அது ரீசெட்டிலேயே கிடக்கும். விரலை எடுத்ததும்தான் நிரல் முதல் வரியிலிருந்து ஓடத் தொடங்கும். அழுத்தும்போது உலோகத் தகடுகள் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் துள்ளித் துள்ளித் தொடும். அதனாலும் கெடுதல் இல்லை, வைஃபை சேர்வதற்கு முன்பே அந்தத் துள்ளல் அடங்கிவிடும்.

ஆனால் முதல் வரியிலிருந்து ஓடுவதில் ஒரு வம்பும் உண்டு. பேட்டரி மாட்டினாலும் நிரல் ஓடும், யாரும் கேட்காமலே ஆர்டர் போகும். எங்களுக்குப் போனது. இதற்கு, தூங்கப் போகும் முன் சிப்பின் சின்ன நினைவகத்தில் ஓர் அடையாள எண்ணை எழுதி வைக்கிறேன். துயிலில் அது அழியாது, பேட்டரியைக் கழற்றினால் அழிந்துவிடும். விழித்ததும் எண் இல்லையென்றால் பேட்டரி இப்போதுதான் மாட்டியது என்று அர்த்தம். எண்ணை எழுதிவிட்டுப் பேசாமல் தூங்கப் போய்விடும்.

அப்புறம் இரட்டை ஆர்டர். கணினி "சரி" என்று பதில் அனுப்பினால் பச்சை விளக்கு எரியும். ஒருநாள் அந்தப் பதில் வழியில் தொலைந்துவிட்டது. விளக்கு எரியவில்லையே என்று அம்மா மறுபடி அழுத்த, பாவம், அந்த அண்ணன் நாலு கேனை மூன்று மாடி தூக்கி வந்தார். இப்போது ஓர் ஆர்டர் போனபின் 12 மணி நேரத்துக்குள் எத்தனை முறை அழுத்தினாலும் கணினி "சரி" என்று மட்டும் பதில் சொல்லும், புதுச் செய்தி போகாது. டாஷ் பட்டனும், நாமாக அமைப்பை மாற்றாதவரை, முதல் சாமான் வந்து சேரும்வரை இரண்டாவது அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காமல்தான் இருந்தது. விருந்தாளிகள் வந்து கூடுதல் கேன் வேண்டும் என்றால், அம்மா அந்த அண்ணனுக்கு போன் போட்டுவிடுவார்.