போஸ்ட்டாக் விளம்பரத்தில் ஏஐ இருக்கிறது, காடு இருக்கிறதா?

கானுயிர் ஆய்வில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, கேட்டு வரும் மின்னஞ்சல்கள் சமீப காலமாக ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. “டீப் லேர்னிங் தெரியும், என் மாடலின் துல்லியம் 98 சதவீதம்.” நல்லதுதான். ஆனால் படங்களைப் பார்த்துப் பழகி விலங்கை அடையாளம் சொல்லும் அந்தக் கணினி மாடலை வைத்து எந்த விலங்கைப் பற்றி, எந்தக் காட்டைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளப் போகிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இருக்காது. இந்தத் துறையில் வாய்ப்புகள் நழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.

காட்டில் கட்டிவைத்தால் விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் தானியங்கி கேமராவையே எடுத்துக்கொள்வோம். 2018 அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் சுமார் 3.48 கோடி, அவற்றில் புலி இருந்தது 76,651 படங்களில். இவ்வளவையும் மனிதக் கண்ணால் பிரிப்பது நடக்காத காரியம். அதே ஆண்டு தான்சானியாவின் செரங்கெட்டி படங்கள் 32 லட்சத்தை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதன் மாடல் 48 இனங்களை 93 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது. வேலை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. மாடல் பார்த்திராத புது இடத்துக் கேமராப் படங்களைக் கொடுத்தால் பிழை வெகுவாகக் கூடுகிறது என்று அதே 2018இல் இன்னோர் ஆய்வு காட்டியது. கேமரா அசையாமல் ஒரே மரத்தில் இருக்கிறது; அதே பாறை, அதே புதர். மாடல் மானோடு சேர்த்துப் புதரையும் மனப்பாடம் செய்துவிடுகிறது. ஒரே கேமராவின் படங்களைக் கலைத்துப்போட்டு, பாதியில் பயிற்சி, மீதியில் சோதனை என்று வைத்தால் அது வினாத்தாள் கசிந்த தேர்வு. விண்ணப்பத்தில் 98 என்று பார்த்ததும் என் முதல் கேள்வி, பயிற்சிக்கு ஓர் இடம், சோதனைக்கு வேறு இடம் என்று படங்களை இடவாரியாகப் பிரித்தீர்களா என்பதுதான்.

இரவுப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியும். அகச்சிவப்பு வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல் நிறம். கிட்டே வந்த புள்ளிமானின் புள்ளிகள் வெளுத்துப் போய்விடும். ஓரத்தில் பின்பக்கம் மட்டும் விழுந்தால் அது கடமானா என்று நாமே தடுமாறுவோம். பகலில் வெயில் பட்ட உண்ணிச்செடிக் கிளை காற்றில் ஆடினால் போதும், ஒன்றுமே இல்லாத படங்களாக மெமரி கார்டு நிறைந்துவிடும். இப்படிப்பட்ட வெற்றுப் படங்களைக் களைய மெகாடிடெக்டர் என்ற ஏஐ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. விலங்கா, மனிதரா, வாகனமா என்று மட்டும் சொல்லும், இனம் சொல்லாது. ஆகவே வெற்றுப் படம் களைவதைப் போஸ்ட்டாக் திட்டமாக எழுதி அனுப்ப வேண்டாம்.

அப்படியானால் எதை எழுதுவது? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் புள்ளிமான் படங்கள். ஆயிரத்தில் ஒன்றை மாடல் செந்நாய் என்று சொல்லிவிட்டால் நூறு பொய்ச் செந்நாய்கள். அந்தக் காட்டில் நிஜமாகப் பதிவான செந்நாய்ப் படங்களே ஐம்பதுதான் என்றால், துல்லியம் 99.9 இருந்தும் செந்நாய்ப் பதிவுகளில் மூன்றில் இரண்டு பொய். இந்தப் பிழையை மறைக்காமல், விலங்கின் பரவல் மதிப்பீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? இரண்டு வருடம் உட்கார்ந்து செய்யத் தகுந்த வேலை அது.

பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. கோவை மதுக்கரையில் ரயில் பாதையை யானைகள் கடப்பதை முன்கூட்டியே சொல்ல, 2024 பிப்ரவரியில் கோபுரங்களில் வெப்பக் கேமராக்களோடு ஏஐ எச்சரிக்கை அமைப்பு தொடங்கப்பட்டது. இப்படியோர் அமைப்பில் ஒரு யானையைத் தவறவிட்டால் உயிர் போகும். பொய் எச்சரிக்கை அதிகமானால் பணியில் இருப்பவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எந்த அளவு சந்தேகத்துக்கு எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்ற எல்லைக்கோட்டை எங்கே போடுவது? யானைகள் கடக்கும் நேரம் மாறுகிறதா? கணினி தெரிந்தவரும் யானை தெரிந்தவரும் ரயில்வேக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இதற்குப் பதில் வரும்.

சரி, வாய்ப்புகள் எங்கே? விளம்பரத் தலைப்பில் ஏஐ என்றே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயோஅக்கூஸ்டிக்ஸ் (உயிரின ஒலி ஆய்வு), மூவ்மென்ட் எக்காலஜி (நடமாட்ட ஆய்வு), ஸ்டாட்டிஸ்டிகல் எக்காலஜி (சூழலியலில் புள்ளியியல்) என்றும் தேடுங்கள். பறவைக் குரலை அடையாளம் காணும் பேர்ட்நெட் மென்பொருளின் உருவாக்கத்தில் பங்குள்ள அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், விலங்குகளின் நடமாட்டத்தை ஆராயும் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் மேக்ஸ் பிளாங்க் நிறுவனம், இங்கே டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். கானுயிர்ப் பாதுகாப்புத் தொழில்நுட்பத்துக்கான வைல்ட்லேப்ஸ் இணையதளத்திலும் வேலை அறிவிப்புகள் வரும். ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் நிதிக்கு முனைவர் பட்டம் வாங்கி எட்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும். போக விரும்பும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. நம் நாட்டு அரசின் போஸ்ட்டாக் உதவித்தொகையான என்-பிடிஎஃப்புக்குப் பொதுவான வயது வரம்பு 35. இரண்டுக்குமே உங்களை ஏற்கச் சம்மதிக்கும் வழிகாட்டி முன்கூட்டியே வேண்டும். கடைசி வாரத்தில் கடிதம் போட்டால் யாரும் பதில் எழுத மாட்டார்கள்.

அப்புறம், பலர் கேட்க மறக்கும் விஷயம் ஒன்று. கேமராவில் விலங்குகள் மட்டும் விழுவதில்லை. கார்பெட் புலிகள் காப்பகம் பற்றி 2024இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு, ஒதுங்கப் போன ஒரு பெண்ணின் படம் சமூக ஊடகக் குழுக்களில் பரவியதைப் பதிவு செய்தது. விலங்குகள் விலகிப் போகட்டும் என்று சத்தமாகப் பாடிக்கொண்டே விறகுக்குப் போகும் பெண்கள், கேமராவுக்குப் பயந்து பாட்டைக் குறைத்துக்கொண்டதையும் சொன்னது. எனவே நேர்காணலில் உங்களைக் கேள்வி கேட்டு முடித்ததும் நீங்களும் கேளுங்கள்: மனிதர்கள் விழுந்த படங்களை எங்கே வைக்கிறீர்கள், யார் பார்க்கலாம், எப்போது அழிப்பீர்கள்? எந்தப் படத்தில் என்ன விலங்கு என்று பார்த்துக் குறிப்பது யார், கட்டுரையில் அவர் பெயர் வருமா? பதில் வழவழ என்று வந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்தக் குழுவில் இருந்து போனவர்களிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.