படாக் மரத்தோட செவப்பு எங்க போகுது?

எங்க வீட்டு ஜன்னலோரத்துல ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கு, உள்ளங்கை அளவுதான், நானே செஞ்சது. வெளிய பாத்தா கருப்பட்டி கலர். மூடிய தொறந்தா உள்ள நம்ம ராமநாதபுரம் முண்டு மெளகா வத்தல் மாதிரி அப்படி ஒரு செவப்பு. பாக்குறவங்க எல்லாரும் உள்ள பெயின்ட் அடிச்சிருக்கியான்னுதான் கேக்குறாங்க. இல்லங்க, உள்ளயும் வெளியயும் ஒரே பலகை, ஒரே நாள் அறுத்தது, ஒரே மெழுகு போட்டது. செஞ்ச அன்னைக்கு வெளியயும் இதே செவப்புதான். வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் மாறிப்போச்சு.

மரம் ஆப்பிரிக்கன் படாக். நைஜீரியா, கேமரூன், காபோன், காங்கோ பக்கத்து மழைக்காட்டுல வளர்றது. படாக்ங்கிறது பர்மாக்காரங்க பேரு, அங்க வளர்ற இதோட உறவுக்கார மரத்துக்கு அவங்க வச்சது. அந்தமான்லயும் ஒரு படாக் இருக்கு, அந்தமானோட மாநில மரமே அதுதான். இதெல்லாம் ஒரே இனம், அந்த இனத்துல நம்ம ஊர் ஆளும் ரெண்டு பேர் இருக்காங்க, ஒண்ணு வேங்கை, இன்னொண்ணு செஞ்சந்தனம். அதனால இத ஆப்பிரிக்க வேங்கைன்னு சொன்னாலும் தப்பில்ல. நம்ம கடக்கரைக்கு ஆப்பிரிக்க மரம் ஒண்ணும் புதுசு இல்ல, பொந்தன்புளி அங்க இருந்து வந்ததுதான, ஆனா அது தண்ணிய உள்ள தேக்கி வச்சிக்கிற பஞ்சு மாதிரி மரம், அறுத்து காயவச்சா நார்நாரா போயிரும், ஆசாரிக்கு ஒதவாது. படாக் அப்படியே நேர்மாறு. காஞ்ச தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 655 கிலோ வரும், இது சுமார் 745 கிலோ. ஒரு எஃகு குண்ட பாதி பொதையிற வரைக்கும் மரத்துல அழுத்தி அதுக்கு எவ்ளோ பலம் வேணும்னு பாக்குற சோதனை ஒண்ணு உண்டு, அதுல இது தேக்க விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. காஞ்ச துண்ட தட்டிப் பாத்தா கணீர்னு சத்தம் வரும், அதனாலதான் சைலோஃபோன் கட்டைக்கெல்லாம் இத தேடி வாங்குறாங்க.

எனக்கு கெடச்சது தூத்துக்குடி மர டிப்போல கதவு நெலைக்கு அறுத்தது போக மிச்சம் கெடந்த துண்டு. மூணடி நீளம், அஞ்சு இஞ்ச் அகலம். அத வச்சு என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் சின்னச் சின்ன சாமான்ல எறங்குனேன், மோதிரப் பெட்டி, பேனா ஸ்டாண்டு, ஒரு பல்லாங்குழி.

அந்த பல்லாங்குழிலதான் பாடமே ஆரம்பிச்சுது. எங்க அத்தைக்காக செஞ்சது. செவப்பு கட்டையில ஓரம் பூரா வெப்பாலை மரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு பதிச்சேன், வெப்பாலை பாக்க தந்தம் மாதிரி இருக்கும், பொம்மை கடையிற மரம் அது. உப்புத்தாள் போட்டு நல்லா வழவழன்னு ஆக்கி, தூசி போகணும்னு ஒரு துணியில ஸ்பிரிட்ட நனைச்சு தொடச்சேன் பாருங்க, அவ்ளோதான், வெள்ளைக் கோடு பூரா ரோஸ் கலராயிருச்சு. மறுபடி தொடச்சா இன்னும் அதிகமா ஏறுது. வெப்பாலை துளை உள்ள மரம், அதுக்குள்ள எறங்குன சாயத்த எடுக்கவே முடியல. கடைசில அந்த கோட்ட உளி வச்சு தோண்டி எடுத்துட்டு புதுசா பதிக்க வேண்டியதாப் போச்சு.

மண்டபம் ஊருப் பக்கத்துல வள்ளம் கட்டுற ஒரு பெரியவர்ட்ட இத காட்டுனேன். அவரு ஒண்ணும் சொல்லாம ஒரு துண்ட எடுத்து ரெண்டு கிளாஸ்ல போட்டாரு, ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல ஸ்பிரிட்டு. "தம்பி, டீ குடிச்சிட்டு வந்து பாப்போம்"னாரு. வந்து பாத்தா தண்ணி கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. ஸ்பிரிட்டு ரத்தம் மாதிரி.

இது எப்படின்னு புரியணும்னா செவப்பு மரத்துக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். மரம் வைரம் பாயுதுன்னு நம்ம ஆளுங்க சொல்றோம்ல, அதுதான் விஷயம். மரத்தோட வெளி வளையத்துல உயிருள்ள செல்லுங்க இருக்கும், மாவுச்சத்து சேத்து வச்சிருக்கும், படாக்ல அந்தப் பகுதி வெளிறிப்போய் கிரீம் கலர்ல இருக்கும். வருஷம் போகப் போக உள்பக்கத்து செல்லுங்க சாகப்போகும், ஆனா சும்மா சாகாது, சேத்து வச்ச மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வேற வேற ரசாயனமா மாத்தி செல் சுவருலயும் ஓட்டையிலயும் அடைச்சிட்டு சாகும். பூஞ்சை, கரையான் எல்லாத்தையும் தடுக்க மரம் தனக்குத்தானே போட்டுக்கிற மருந்து அது. வேங்கைல அந்த மருந்து மஞ்சப்பழுப்பு, கருங்காலில கருப்பு, படாக்லயும் செஞ்சந்தனத்துலயும் செவப்பு. இந்த செவப்புக்கு சான்டலின்னு பேரு, அதோட கூட்டாளிங்களும் கொஞ்சம் உண்டு. அதாவது நமக்கு அழகா தெரியிறது மரத்தோட காவல்.

சான்டலின் பெரிய மூலக்கூறு, பென்சீன் வளையங்க ஒண்ணோட ஒண்ணு கோத்து இருக்கிறது, தண்ணியோட ஒட்டாது, சாராய வகையோட ஒட்டும். பழைய காலத்துல ஐரோப்பாவுல சாயத்துக்கு மரம் வாங்குனவங்க இத வச்சே செவப்பு மரத்த ரெண்டா பிரிச்சு வச்சிருந்தாங்க, கரையிற செவப்பு, கரையாத செவப்புன்னு. கரையிற வகைக்கு நமக்கு தெரிஞ்ச உதாரணம் பதிமுகம், கேரளா ஓட்டல்ல ரோஸ் கலர்ல சுடுதண்ணி குடுப்பாங்கள்ல, அந்த மரம். படாக் கரையாத வகை. அதனால மழையில நனைஞ்சா படாக் சாயம் பூராவும் போயிருமோன்னு ரொம்ப பயப்பட வேண்டாம், ஆனா பிரெஞ்சு பாலிஷ்ங்கிற அரக்குப் பூச்சு போடும்போது பயப்படணும், ஏன்னா அரக்க கரைக்கிறதே ஸ்பிரிட்லதான். பிரஷ்ஷ இழுக்க இழுக்க செவப்பு பக்கத்து மரத்துக்கு நடந்து போகும்.

நான் இப்ப பண்றது என்னன்னா, தூசிய துணியால தொடைக்கிறதே இல்ல, காத்தடிச்சு ஊதிருவேன். முதல் ரெண்டு மூணு கோட் பிரஷ் இல்லாம ஸ்பிரேல மெல்லிசா, விழுந்த கையோட காயிற மாதிரி. கரையிறதுக்கு நேரம் குடுக்கலன்னா சாயம் நகராது. அந்த படலம் மூடிருச்சுன்னா அப்பறம் பிரஷ் போட்டாலும் பிரச்சினை இல்ல. ரெண்டாவது தடவ பதிச்ச வெள்ளைக் கோடு இன்னைக்கும் வெள்ளையாதான் இருக்கு.

சரி, ஜன்னல் பெட்டிக்கு வரேன். அங்க ஸ்பிரிட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, அப்பறம் ஏன் கருப்பட்டி ஆச்சு? வெளிச்சம். சான்டலின் செவப்பா தெரியிறதுக்கு காரணமே அதுக்குள்ள ஒத்தக் கட்டு, ரெட்டக் கட்டுன்னு மாறி மாறி போற நீளமான பிணைப்பு வரிசைதான், அது நீலத்தையும் பச்சையையும் முழுங்கிட்டு செவப்ப திருப்பி அனுப்புது. வெளிச்சத்த முழுங்குறதுன்னா சும்மா இல்ல, அந்த சக்தி எங்கயாவது போகணும். அதுல கொஞ்சம் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேந்து அந்த பிணைப்பையே அறுத்துருது. இன்னொரு பக்கம் மரத்துக்கு கெட்டித்தனம் குடுக்கிற லிக்னின் புற ஊதாக் கதிர வாங்கிக்கிட்டு தானும் ஒடைஞ்சு மஞ்சளும் பழுப்புமா மாறுது. செவப்பு கொறையுது, பழுப்பு ஏறுது, ரெண்டும் சேந்து கருப்பட்டி.

எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்த விஷயம், இது தோலோட நிக்கிற மாற்றம். மரத்துக்குள்ள வெளிச்சம் ஒரு மில்லிமீட்டர்ல கால் பங்கு கூட போறதில்ல. அஞ்சு வருஷம் வெயில் தின்ன படாக்க இழைப்புளில ரெண்டு இழு இழுத்தா அடியில அதே செவப்பு. அதனால "கலர் போயிருச்சு, மரம் போச்சு"ன்னு யாராவது தூக்கிப் போட்டா வாங்கி வச்சிக்கோங்க.

இத நிறுத்த முடியுமான்னா, முழுசா முடியாது. படகுக்கு அடிக்கிற மரைன் வார்னிஷ்ல புற ஊதாவ முழுங்குற சரக்கு கலந்திருக்கும், அது நல்லாவே தாமதப்படுத்தும், ஆனா கண்ணுக்கு தெரியிற வெளிச்சத்த தடுத்தா மரமே கண்ணுக்கு தெரியாதே, அந்த வெளிச்சமும் கொஞ்சம் கொஞ்சமா வேலை பாக்கத்தான் செய்யும். அதனால நான் டிசைனயே மாத்திக்கிட்டேன். செவப்பு வேணும்ங்கிற எடத்த உள்பக்கம் வைக்கிறது. பெட்டியோட உள்ள, இழுப்பறை உள்ள, பல்லாங்குழில குழிக்கு உள்ள. வெளிய பழுப்பாகும்னு தெரிஞ்சே செய்யிறது. தொறக்கும்போது செவப்பு தெரியிறது எனக்கு முழுசும் செவப்பா இருக்கிறத விட அழகா தெரியுது.

இப்ப நம்ம கடக்கரைக்கே உள்ள பிரச்சினை, ஈரம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல நல்லா வழுக்கிட்டு மூடுன மூடி, ஐப்பசி மழையில பாத்தா தொறக்கவே மாட்டேங்குது. மரத்துல இருக்கிற செல்லுலோஸ் தண்ணிப் பிரியன், காத்துல எவ்ளோ ஈரமோ அதுக்கு தக்கன வாங்கிக்கும், காத்து காஞ்சா திருப்பி குடுத்துரும், வெட்டி நூறு வருஷம் ஆனாலும் இந்த குடுக்கல் வாங்கல் நிக்காது. ஏசி ரூம்ல இருக்கிற மரத்துல எடையில 8 சதவீதம் போல தண்ணி இருக்கும். காத்து ஈரப்பதம் 75 சதவீதம்னா மரம் 14 சதவீதம் பக்கத்துல போய் நிக்கும். அந்த 6 சதவீதம் செல் சுவருக்குள்ள போய் உக்காரும்போது மரம் உப்பும். நீளவாக்குல கிட்டத்தட்ட உப்பாது, அகலத்துலதான். பச்சை மரம் முழுசா காயும்போது படாக் வளையத்தோட போக்குல 5.2 சதவீதம் சுருங்கும், நடுவுல இருந்து வெளிய போற திசையில 3.3 சதவீதம்தான். இத வச்சு கணக்கு போட்டா, 100 மில்லிமீட்டர் அகல மூடி ஒண்ணு வளையம் படுத்த மாதிரி அறுத்த பலகைன்னா ஏசி ரூம்ல இருந்து நம்ம ஊருக்கு வரும்போது 1 மில்லிமீட்டர் வளரும், வளையம் நிமுந்து நிக்கிற மாதிரி அறுத்ததுன்னா முக்கா மில்லிமீட்டர் கூட வராது. அதனால மூடிக்கு எப்பவும் வளையம் நிமுந்த துண்டத்தான் எடுக்கிறேன், காஞ்ச மாசத்துல செய்யிற மூடிக்கு ஒரு மில்லிமீட்டர் எடம் விட்டுத்தான் செய்யிறேன்.

படாக்கோட கணக்கு இவ்ளோ கம்மியா இருக்கிறதுல அந்த செவப்புக்கும் பங்கு உண்டு. செல் சுவருக்குள்ள தண்ணி வந்து உக்கார வேண்டிய எடத்துல கொஞ்சத்த இந்த சரக்கு முன்னாடியே புடிச்சு வச்சிருக்கு, அதனால வைரம் பாஞ்ச மரம் கம்மியா உப்பும், கம்மியா சுருங்கும். பூஞ்சைக்கு போட்ட மருந்து மூடி எறுகாம இருக்கவும் ஒதவுது.

உப்பு வேற விதமா வேலை காட்டும். கடக்காத்துல வர்ற உப்பு மேல படிஞ்சு அதுவே ஈரத்த இழுக்கும், காத்து ஈரம் முக்கா பங்கத் தாண்டுச்சுன்னா உப்பு தானா கசியும், வீட்டு உப்பு ஜாடியில பாக்குறதுதான். இரும்பு ஆணி போட்டா ஒரு மழைக்காலம் தாங்காது, துரு எறங்கி மரத்துல கருப்பா கறை புடிக்கும். பித்தளை ஸ்க்ரூ போடுங்க, முடிஞ்சா ஸ்க்ரூவே இல்லாம கட்டைப் பிணைப்பா போட்டுருங்க, சின்ன சாமானுக்கு அதுவே தாராளம்.

வேலை செய்யும்போது ஒரு விஷயத்துல தயவுசெஞ்சு அசட்டையா இருக்காதீங்க, தூள். ஆரஞ்சு கலர்ல பவுடர் மாதிரி பறக்கும், தண்ணியில கரையாத சாயம்ங்கிறதால வேட்டியில பட்டா அலசுனா போகாது, அது கூட பரவால்ல, நிறைய பேருக்கு தோல் அரிப்பு, கண் எரிச்சல், மூச்சு எளைப்பு வரைக்கும் கொண்டு வரும். பூஞ்சைய கொல்றதுக்குன்னு மரம் செஞ்ச சரக்கு நம்ம நெஞ்சுக்கு மட்டும் நல்லதாவா இருக்கும்? நல்ல மாஸ்க், தொறந்த எடம், வேலை முடிஞ்சதும் குளியல். சாப்பாட்டு சாமான் இதுல செய்யிறதில்லன்னு நான் வச்சிருக்கேன்.

வாங்கும்போது பில்லு வாங்கி பத்திரமா வைங்க. அழியிற நெலையில உள்ள செடி, விலங்கு வியாபாரத்த கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம் சைட்டிஸ், 2022 நவம்பர்ல பனாமாவுல நடந்த அதோட மாநாட்டுல ஆப்பிரிக்காவுல வளர்ற இந்த இனத்து மரங்க பூராத்தையும் ரெண்டாம் பட்டியல்ல சேத்துட்டாங்க, நாடு விட்டு நாடு போகணும்னா அனுமதிச் சீட்டு வேணும். நம்ம செஞ்சந்தனம் 1995லயே அந்த பட்டியல்ல வந்தாச்சு. அறுத்த புதுசுல ரெண்டையும் பக்கத்துல வச்சா பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அதுக்கும் சேத்துத்தான் பில்லு. காட்ட அழிச்சு வந்த மரமா இருக்கக் கூடாதுங்கிற கவலை எனக்கு உண்டு, அதனாலதான் புதுப் பலகை வாங்காம மிச்சத் துண்டாவே தேடுறேன்.

இப்ப ஜன்னல்ல புதுசா ஒரு துண்டு வச்சிருக்கேன். ஒரு அடி நீளப் பட்டி, முழுசும் கருப்பு டேப் சுத்தி. மாசம் ஒரு விரக்கடை டேப்ப உரிக்கிறேன். ஏழு மாசம் ஆச்சு. முதல்ல உரிச்ச எடம் கருப்பட்டி, அடுத்தது செங்கல், அப்பறம் துருக் கலர், போன மாசம் உரிச்ச எடத்துல லேசா மங்க ஆரம்பிச்சிருக்கு, அதுக்கு இந்தப் பக்கம் டேப்புக்கு அடியில மிச்ச எடம் பூரா முண்டு மெளகா அப்படியே இருக்கு.